டிராம் போன பாதை



சென்னையில் ஆபீஸ் போய்வருகிற கதை சுவாரஸ்யமானது. 1895-லேயே இங்கே மின்சார டிராம் ஓடியது. லண்டன் வீதிகளில் குதிரைகள் டிராம் இழுத்துக்கொண்டிருந்த காலம் அது! 1931-ல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் வந்தது.

1953 ஏப்ரலில், கம்பெனி நஷ்டத்தில் மூழ்க, டிராம் நின்றுபோச்சு. அதுதான் பஸ் இருக்கிறதே என்று ஊர் பெரிதாகக் கவலைப்படவில்லை. 1972-ல் பல்லவன் வந்தது. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்ததும் நடுத்தரக் குடும்பங்களின் ஆசை காருக்குத் தாவியது.

கணக்குப் பாருங்கள். ஒரு டவுன் பஸ் ஏறக்குறைய மூன்று கார் இடத்தை அடைக்கும். உட்கார்ந்தே நாற்பது பேர் போகலாம். மூன்று காரில் பெரும்பாலும் மூன்றே பேர்!

தண்டவாளம் திரும்பி வந்தது, ஆயிரக்கணக்கான கோடி செலவில். 1995-ல் பறக்கும் ரயில், 2015-ல் மெட்ரோ. ஆனால் டிராம் தெருவிலேயே நின்று ஆளை ஏற்றியது. இப்போது ஸ்டேஷன் வரை போய்ச் சேர்வதே பெரும்பாடு. உடைந்த நடைபாதை, ஆட்டோ பேரம். காரை எடுப்பவரைச் சோம்பேறி என்று சொல்லி என்னங்க பயன்?

நம்மில் பலர் பிளான் வரைகிறவர்கள். அடுத்த ஸ்டேஷன் வரைபடம் நம் மேஜைக்கு வரும்போது கட்டடத்தோடு நிறுத்திவிடாமல், வாசலிலிருந்து தெருமுனை வரை நடைபாதையையும் பஸ் நிறுத்தத்தையும் சேர்த்தே வரைவோம்.