கத்தரிக்குத் தப்பாத அங்கி

எகிப்தின் பழைய காப்டிக் துணிகள் என்றால் நம் கண்ணில் படுவது பெரும்பாலும் துண்டுகள்தாம். கண்ணாடிக்குப் பின்னால் கையகல வட்டம். அதற்குள் ஆடும் பெண்ணோ ஓடும் முயலோ திராட்சைக் கொடியோ இருக்கும். அந்த வட்டம் ஓர் ஆளின் தோளில் கிடந்தது. அதைச் சுமந்த அங்கி எங்கே போயிற்று என்பதுதான் சொல்லவேண்டிய கதை.

அங்கியின் தொடக்கம் நைல் கரையின் ஆளிச்செடி. செடியைப் பிடுங்கி, தண்ணீரில் ஊறப்போட்டு, அடித்து, நார் உரித்து நூற்றார்கள். இந்த லினன் நூல் எளிதில் சாயம் ஏற்காது. அதனால் துணி வெண்மையாகவே நின்றது; நிறமெல்லாம் கம்பளி நூலுக்குப் போனது. மஞ்சிட்டிச் சிவப்பின் மேல் நீலத்தைச் சேர்த்து ஊதா எடுத்தார்கள். கடல் சங்கிலிருந்து வரும் அரச ஊதாவை எத்தனை பேர் வாங்க முடியும்?

இனி தறி. இந்த அங்கியை வெட்டித் தைக்கவில்லை, அங்கியாகவே நெய்தார்கள். முதலில் ஒரு கை. அது முடிந்ததும் இருபுறமும் பாவு எனும் நீள இழைகளைச் சேர்த்து அகலமாக்கி உடலை நெய்வார்கள். நடுவில் கழுத்துக்கு ஒரு பிளவு விடுவார்கள். பிறகு அகலத்தைக் குறைத்து மற்றக் கை. முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே அகலத்தில் விரிவதால் தறி இரண்டு மீட்டரையும் தாண்டும். ஒருவர் கை எட்டாது. இறக்கிய பிறகு துணியைத் திருப்பி, தோளில் மடித்து, பக்கங்களை மட்டும் தைத்தால் போதும். தறியில் குறுக்கே ஓடிய கம்பளிப் பட்டை உடம்பில் தோளிலிருந்து நேராக இறங்கும். வட்டத்துக்குள் நிற்கும் ஆடற்பெண்ணைத் தறியில் பக்கவாட்டில் படுத்திருப்பவளாகவே நெய்ய வேண்டும். அந்தப் பெயரற்ற நெசவாளர்களின் மனக்கணக்கை நினைத்தால் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. வட்டம் வரும் இடத்தில் பாவு இழைகளை இரண்டு மூன்றாகச் சேர்த்துப் பிடித்து, பாவே தெரியாதபடி குறுக்கே ஓடும் கம்பளி ஊடையை நெருக்கி அடித்தார்கள். கண், விரல், இலை நரம்பு ஆகியவற்றைத் தனி லினன் இழையால் கோடாக இழுத்தார்கள்.

உருவங்களில் முதலில் கிரேக்கத் தெய்வங்களும் நைல் மீன்களும் வந்தன. பிறகு சிலுவையும் யோசேப்பின் கதையும் சேர்ந்தன. நற்செய்திக் காட்சிகளை உடையில் அணிந்து திரியும் செல்வர்களை கி.பி. 400-ஐ ஒட்டிய காலத்தில் சிறிய ஆசியாவின் அமாசியா ஆயர் அஸ்தேரியஸ் கண்டித்துப் பிரசங்கம் செய்தார். வெண்துணி நைந்தால் வட்டத்தை மட்டும் எடுத்து வேறு அங்கியில் தைத்துக்கொள்வதும் உண்டு. குழந்தைகளின் அங்கிகள் பலவற்றில் இடுப்பருகே மடித்துத் தைத்த மடிப்பு காணப்படுகிறது. பிள்ளை வளர வளரப் பிரித்துவிடலாம்.

உடலைப் பதப்படுத்தும் வழக்கம் குறைந்த பிறகு, இறந்தவர்களை உயிரோடு இருந்தபோது அணிந்த உடைகளிலேயே, ஒன்றன்மேல் ஒன்றாகப் போர்த்திப் புதைத்தார்கள். வெள்ளம் எட்டாத மேட்டு மணல் துணியைக் காத்தது.

1880-களில் எகிப்தின் அக்மீம் நகரக் கல்லறைகள் திறக்கப்பட்டன. 1896 முதல் பிரெஞ்சு அகழாய்வாளர் ஆல்பர்ட் காயே மற்றொரு எகிப்திய நகரான அந்தினோவில் தோண்டினார். அங்கே கிடைத்த உடைகள் 1900-இல் பாரிஸ் உலகக் கண்காட்சியில் கூட்டத்தை ஈர்த்தன. அக்மீம் துணிகளைத் திரட்டியவர்களில் ஒருவர் ஜெர்மன் பாதிரியார் ஃப்ரான்ஸ் போக். பழந்துணிகளை வெட்டிப் பல அருங்காட்சியகங்களுக்குப் பிரித்துக் கொடுத்ததால் அவருக்குக் ‘கத்தரிக்கோல் போக்’ என்றே பெயர். அவர் மட்டுமல்ல, வணிகர்களும் வண்ணப் பகுதியை நறுக்கி எடுத்துக்கொண்டு, பிண நீர் படிந்த வெண்துணியை எறிந்தார்கள். ஒரே அங்கியின் துண்டுகள் வெவ்வேறு நகரங்களில் கிடப்பது இதனால்தான். எந்தக் குழியில், யார் உடலில், எதன்மேல் எது இருந்தது என்ற செய்தியும் வெண்துணியோடு போயிற்று. இது சிறு இழப்பல்ல. ஒரு மக்களின் உடை வரலாறே நறுக்கப்பட்டது.

எஞ்சியதைக் கொண்டு இன்று ஆய்வாளர்கள் வேலை செய்கிறார்கள். உருவத்தின் பாணியை மட்டும் பார்த்துச் சொன்ன காலங்களை ரேடியோகார்பன் சோதனை பல துணிகளில் மாற்றிவிட்டது. வட்டத்தைச் சுற்றி விரலகலம் வெண்துணி ஒட்டியிருந்தால் அவர்கள் முதலில் பார்ப்பது அதைத்தான்: பாவு ஓடும் திசை, அந்த வட்டம் உடம்பில் எந்த வாக்கில் கிடந்தது என்பதைக் காட்டிவிடும்.