இரண்டு தழும்புகள்

என் இடது கையில் இரண்டு தழும்புகள் உண்டு. ஒன்று பெரியம்மைக்குக் குத்தியது. மற்றது காசநோய்க்குப் போட்ட பி.சி.ஜி. புதுச்சேரியில் பிரெஞ்சு மீடியத்தில் படித்த எங்களுக்கு அது 'பே-சே-ழே'. கண்டுபிடித்த கால்மெத்தும் கெரேனும் பிரெஞ்சுக்காரர்கள் என்று எங்கள் ஆசிரியருக்குப் பெருமை.

அம்மை குத்துபவர் தெருவில் நுழைந்தால் பாட்டி என்னைக் குதிருக்குப் பின்னால் ஒளித்துவைப்பார். விருந்தாக வரும் ஆத்தாளை ஊசியால் மறித்தால் கோபித்துக்கொள்வாளாம். படிக்காதவர் பயம் என்று பல வருடம் சிரித்திருக்கிறேன்.

பிறகுதான் படித்தேன்: 1955-இல் பி.சி.ஜி.யை எதிர்த்துத் தனி நூலே வெளியிட்டவர் ராஜாஜி! நலமாயிருக்கும் குழந்தைகளின் உடம்பில் உயிருள்ள கிருமியைச் செலுத்தலாமா, அதனால் பலன் உண்டா என்பது அவர் வாதம். படித்தவர்களுக்கும் பயம் உண்டு.

அந்தப் பயத்துக்கு வேரும் இருந்தது. 1930-இல் ஜெர்மனியின் லூபெக் நகரில் இம்மருந்தை வாய்வழி கொடுத்த குழந்தைகளில் 70-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அங்கிருந்த ஆய்வுக்கூடத்தில் வீரியமுள்ள காசநோய்க் கிருமி கலந்துவிட்டதே காரணம். ஆனால் வதந்திக்குப் பாதி உண்மை போதுமே!

பலனைப் பற்றிய கேள்விக்கும் பதில் வந்தது. 1968-இல் செங்கல்பட்டு மாவட்டத்தில் பெரிய சோதனை தொடங்கினார்கள். பெரியவர்களின் நுரையீரல் காசநோயை இந்த ஊசி தடுக்கவில்லை என்று பல ஆண்டுகள் கழித்துத் தெரிந்தது. ஆனால் பச்சைக் குழந்தைகளின் மூளையைத் தாக்கும் காசநோயிலிருந்து இது காக்கிறது. அதனால்தான் இன்றும் பிறந்தவுடன் போடுகிறார்கள்.

என் பாட்டி எப்படி மனம் மாறினார் தெரியுமா? அம்மை குத்துபவர் அவரிடம் வாதாடவில்லை. திண்ணையில் உட்கார்ந்து மோர் வாங்கிக் குடித்தார். தன் பிள்ளைகளுக்கும் குத்தியிருப்பதைச் சொன்னார். "ஆத்தாளுக்குக் கூழ் ஊத்திட்டே குத்திக்குங்கம்மா, அடுத்த வாரம் வர்றேன்" என்றார். சொன்னபடி வந்தார். பாட்டியே என் கையைப் பிடித்துக்கொண்டார்.

2021-இல் கொரோனா ஊசிக்குப் பக்கத்து வீட்டுக்காரர் பயந்தபோது நான் சிரிக்கவில்லை. லூபெக் கதையைக்கூட மறைக்காமல் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நீங்க கூட வர்றீங்களா சார்?" என்றார். இருவரும் சேர்ந்தே போய்ப் போட்டுக்கொண்டு வந்தோம்.