பேரடைத் தாரைகள்: ரேடியோ ஆய்வு வரலாறு

சில பேரடைகளின் நடுவே உள்ள பெருங்கருந்துளையைச் சுற்றிவரும் பொருள் முழுவதும் உள்ளே விழுந்துவிடுவதில்லை. ஒரு பகுதி இரு எதிரெதிர்த் திசைகளில் ஒளியை நெருங்கும் வேகத்தில் பீறிடுகிறது. இதுவே தாரை. காந்தப்புலத்தில் சுழலும் எலெக்ட்ரான்கள் ரேடியோ அலைகளை உமிழ்கின்றன. தாரை சென்று முட்டும் இடங்களில் இரு பெரும் மடல்கள் விரிகின்றன.

1918இல் அமெரிக்க வானியலாளர் ஹீபர் கர்டிஸ், எம்87 பேரடையின் மையத்திலிருந்து நீளும் நேர்கோடு ஒன்றைக் குறித்துவைத்தார். காரணம் அப்போது எவருக்கும் தெரியாது. 1953இல் இங்கிலாந்தின் ஜோட்ரெல் பேங்க் ரேடியோ ஆய்வகத்தில் ஜென்னிசனும் வங்காளத்து மிருணாள் குமார் தாஸ்குப்தாவும் சிக்னஸ் ஏ என்ற ரேடியோ மூலத்தின் அலைகள் அதன் பேரடையின் இருபுறமும் உள்ள இரண்டு இடங்களிலிருந்து வருவதைக் காட்டினர். அந்த மடல்களுக்கு ஆற்றல் ஊட்டுவது எது என்பதற்கு 1974இல் பிளாண்ட்ஃபோர்டும் ரீஸும் தாரைக் கோட்பாட்டால் விளக்கம் தந்தனர்.

தமிழ்நாட்டின் பங்கு உதகை அருகே முத்தொரையில் தொடங்குகிறது. டாடா அடிப்படை ஆராய்ச்சிக் கழகத்தின் கோவிந்த் ஸ்வரூப் தலைமையில், 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்ட ரேடியோ தொலைநோக்கி அங்கே 1970இல் இயங்கத் தொடங்கியது. மலையைத் தேடிப் போனதற்குக் காரணம் குளிரல்ல, சரிவு. அட்சரேகைக்கு ஈடாக ஏறத்தாழ 11 பாகை சாய்ந்த வடக்கு-தெற்குச் சரிவு கிடைத்தால் கருவியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகிவிடும். பிறகு அதை அந்த அச்சில் சுழற்றினாலே வான்பொருளை மணிக்கணக்கில் பின்தொடரலாம். மதுரைச் சமவெளியில் இதைக் கட்டியிருந்தால் ஒரு முனையைச் சுமார் 90 மீட்டர் தூக்க வேண்டியிருக்கும். மீனாட்சியம்மன் கோவில் தெற்குக் கோபுரமே ஏறக்குறைய 52 மீட்டர்தான்.

தொலைநோக்கியின் சொந்தப் பார்வை அவ்வளவு கூர்மையானதல்ல. கூர்மையைக் கொடுத்தது நிலவு. வானில் விநாடிக்கு ஏறத்தாழ அரை விகலை நகரும் நிலவின் விளிம்பு ஒரு ரேடியோ மூலத்தை மறைக்கும்போது சமிக்ஞை எப்படிப் படிப்படியாகக் குறைகிறது என்று பார்த்தால், மடல்கள் எத்தனை, இடைவெளி எவ்வளவு என்று கணக்கிடலாம். நூற்றுக்கணக்கான மங்கலான மூலங்கள் இப்படி அளக்கப்பட்டன. அவற்றைக் கொண்டு 1975இல் ஸ்வரூப்பும் விஜய் கபாஹியும், மங்கலான மூலங்களின் கோண அளவு சிறுத்துக்கொண்டே போவதைக் காட்டினர். முற்காலப் பிரபஞ்சம் இன்றையதிலிருந்து வேறுபட்டிருந்ததை அது உணர்த்தியதால், பிரபஞ்சம் என்றும் மாறாதது என்ற நிலைக்கோட்பாட்டுக்குப் பெரும் இடையூறாயிற்று. என் கணிப்பில், உதகையின் தலையாய சாதனை இதுவே.

மெல்லிய தாரையையே படமெடுக்கப் பல ஆண்டெனாக்களின் இணைப்பு தேவைப்பட்டது. சிக்னஸ் ஏ-யின் நூலிழைத் தாரை 1984இல் அமெரிக்காவின் வி.எல்.ஏ. ஆண்டெனா வரிசை எடுத்த படத்தில் வெளிப்பட்டது. உதகை அனுபவத்தின் தொடர்ச்சியாக ஸ்வரூப் புனே அருகே 45 மீட்டர் விட்டமுள்ள 30 ஆண்டெனாக்களை நிறுவினார். ஐரோப்பாவின் லோஃபார் ரேடியோ தொலைநோக்கி கண்டறிந்து 2024இல் அறிவிக்கப்பட்ட போர்ஃபிரியன் தாரை இணை சுமார் 2.3 கோடி ஒளியாண்டு நீளமுடையது. அது எந்தப் பேரடையிலிருந்து கிளம்புகிறது என்பதை உறுதிசெய்யப் புனேக் கருவியும் உதவியது.