குன்றுக்கு ஒரு சாட்சி

சென்ற கோடை விடுமுறையில் பேரனைச் செஞ்சிக்கு அருகிலுள்ள திருநாதர்குன்றுக்கு அழைத்துப் போயிருந்தேன. பாறையில் இரண்டு வரிசையாக 24 தீர்த்தங்கரர்கள். 57 நாள் உண்ணா நோன்பிருந்த சந்திரநந்தி ஆசிரியரின் நிசீதிகைக் கல்வெட்டும் அங்கே உண்டு. படம் எடுத்துக்கொண்டே பேரன் கேட்டான்: "தாத்தா, நீங்க சின்ன வயசுல ஏறி விளையாடின குன்று எங்கே?" எனக்கு வாய் அடைத்துவிட்டது. எங்கள் ஊர்க் குன்று கல்குவாரிக்குப் போய்விட்டது. இன்று பள்ளத்தில் தண்ணீர்தான் நிற்கிறது. அதன் படம் ஒன்றுகூட எங்களிடம் இல்லை. கல்யாண ஆல்பம் மட்டும் நாலு இருக்கிறது!

படம் மலையைக் காக்குமா என்று கேட்கலாம். காத்த வரலாறு உண்டு. 1871இல் ஹேடன் தலைமையில் அமெரிக்காவின் எல்லோஸ்டோன் பகுதியை அளக்கப் போன குழுவில் வில்லியம் ஹென்றி ஜாக்சன் என்ற புகைப்படக்காரர் இருந்தார். அவருடைய படங்களும் தாமஸ் மோரனின் ஓவியங்களும் அந்நாட்டுச் சட்டமன்றத்தாரின் பார்வைக்குப் போயின. 1872 மார்ச் 1இல் அது தேசியப் பூங்கா ஆயிற்று.

அன்று ஒருவர் செய்ததை இன்று ஊரே கூடிச் செய்கிறது. 2005இல் தொடங்கிய 'ஜியோகிராஃப்' திட்டத்தில் பிரிட்டன், அயர்லாந்து நிலத்தைச் சதுர கிலோமீட்டர்களாகப் பிரித்து, கட்டத்துக்கு ஒரு படமாவது வேண்டும் என்று பொதுமக்களே எடுத்துப் பகிர்ந்தார்கள். யாரும் பயன்படுத்தலாம் என்ற உரிமையோடு கொடுத்ததால், அப்படங்களுக்கு 1 முதல் 10 வரை அழகு மதிப்பெண் போடச் சொல்லி இன்னொரு முயற்சியும் நடந்தது. வார்விக் பல்கலைக்கழகத்தார் 2 லட்சத்துக்கு மேற்பட்ட படங்களின் மதிப்பெண்களை ஆராய்ந்து 2015இல் எழுதினார்கள்: அழகான இடங்களில் வாழ்வோர் தங்கள் உடல்நலம் நன்றாக இருப்பதாகச் சொல்கிறார்கள். 2017இல் கணினியைக் கொண்டு பார்த்தபோது, பச்சையாக இருந்தால் மட்டும் அழகாகிவிடாது என்றும் தெரிந்தது. வெறும் புல்வெளிக்கு மதிப்பெண் குறைவு. மலைக்கும் ஏரிக்கும் அதிகம்.

ஆனால் ஒரு வியாபாரியாகச் சொல்கிறேன்: கடை முகப்பில் வைத்த சரக்கை மட்டும் எண்ணினால் இருப்புக் கணக்கு சரிவராது. சுற்றுலாக்காரர் போகும் இடத்துக்குத்தான் படம் குவியும். போகாத இடம் மதிப்பற்றதா? மதுரை அரிட்டாபட்டியைப் பாருங்கள். சமணச் சிற்பமும் தமிழி எழுத்தும் உள்ள அந்த மலைகள் 2022இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டன. அப்படியிருந்தும் 2024இல் டங்ஸ்டன் சுரங்க ஏலத்தில் அப்பகுதி சிக்கியது. ஊர் மக்கள் திரண்டு போராடிய பிறகே 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. படத்தின் எண்ணிக்கையை மட்டும் நம்பியிருந்தால் அந்த மலைக்கு யார் பேசியிருப்பார்கள்? படம் சாட்சிதான், தீர்ப்பு சொல்ல மனிதர் வேண்டும்.

சாட்சியே இல்லாமல் போனதுதான் எங்கள் ஊர்க் குன்றின் கதி. ஆகவே சங்க அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஊருக்குப் போகும்போது கோயிலோடு நின்றுவிடாதீர்கள். ஏரிக்கரையிலிருந்து குன்றை ஒரு படம் எடுங்கள். ஊர்ப் பெயர், தேதி, நின்ற இடம் மூன்றையும் எழுதிப் பொதுவில் பகிருங்கள். அடுத்த வருஷமும் அதே இடத்தில் நின்று எடுங்கள். குன்று எவ்வளவு குறைந்தது என்பதை அந்த இரண்டு படமும் சொல்லிவிடும்.