நெய்வேலிக் காட்டாமணக்குக்கு எது சொந்த ஊர்?

யமுனைக் கரையில் இளஞ்சிவப்புப் பூக்களோடு மண்டிக் கிடக்கும் இச்செடியை இந்திக்காரர்கள் ‘பேஷரம்’ என்பதை இங்கு வந்தபின் அறிந்தேன். வெட்கங்கெட்டது என்று பொருள். வெட்டிப்போட்ட தண்டும் ஈரம் பட்டால் துளிர்த்துவிடுமே! வங்காளிகளுக்கு இது ‘டோல் கல்மி’. நமக்கோ நெய்வேலிக் காட்டாமணக்கு. பாவம் நெய்வேலி! சர்க்கரைவள்ளி இனமான இதன் தாயகம் வெப்பமண்டல அமெரிக்கா. 1760-இல் தாவரவியலாளர் ஜாக்கின் வைத்த பெயர் ‘ஐப்போமியா கார்னியா’. இலையில் நஞ்சு, ஆடுமாடு தின்னாது என்று வேலிக்கு வைத்தோம். அது ஏரி, வாய்க்காலில் இறங்கித் தண்ணீரை மறிக்கிறது. ஊருக்குப் போனால் கரையில் வெட்டிப் போடாதீர்கள். வேரோடு பிடுங்கி, நன்றாகக் காயவிடுங்கள். பழியை நெய்வேலிமேல் போட்டால் ஏரி பிழைக்காது.