நாய்க்குட்டி எப்போது தாயை விட்டு வரலாம்? ஒரு கேள்வியின் வரலாறு

நான் ஏழாம் வகுப்பு படிக்கும்போது ஏர்வாடியில் எங்கள் தெருமுனையில் ஒரு செவலை நாய் ஐந்து குட்டி போட்டிருந்தது. கண் திறந்து நாலைந்து நாள்தான் இருக்கும். தாய் இரை தேடிப் போன நேரம் பார்த்து, ஒரு குட்டியைச் சட்டைக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டு வந்துவிட்டேன். என் அப்பத்தா பார்த்ததும் சத்தம் போட்டார்.

"பால்குடி மறக்காத குட்டியத் தூக்கிட்டு வந்திருக்கியேடா! கொண்டு போயி விட்டுட்டு வா."

நான் கேட்கவில்லை. பசும்பாலைத் தண்ணீர் கலந்து பஞ்சில் நனைத்துக் கொடுத்தேன். குட்டிக்கு வயிற்றால் போனது. மூன்றாவது நாள் பயந்துபோய்த் திரும்பக் கொண்டுபோனால், தாய் மற்ற நான்கையும் வேறு இடத்துக்கு மாற்றியிருந்தது. அன்று இரவே குட்டி செத்துப்போனது. கடற்கரை மணலில் நானேதான் புதைத்தேன்.

அப்போதிருந்து எனக்குள் ஒரு கேள்வி. அப்பத்தா சொன்ன அந்தப் "பால்குடி மறக்கும்" நாள் எது? எத்தனையாவது நாளில் ஒரு குட்டியை எடுக்கலாம்? கல்லூரிக்கு வந்த பிறகு தேடிப் படித்ததில், இந்தச் சின்னக் கேள்விக்கும் ஒரு பெரிய வரலாறு இருப்பது தெரிந்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பெயர் இருந்தது, நாள் கணக்கு இல்லை

தொல்காப்பிய மரபியலில் விலங்குகளின் இளமைப் பெயர்கள் வரிசையாக வருகின்றன. நாய், பன்றி, புலி, முயல் இந்த நான்கின் இளையவற்றுக்கும் 'குருளை' என்று பெயர். வீட்டு நாயின் குட்டிக்கும் காட்டுப் புலியின் குட்டிக்கும் ஒரே சொல்! நாய்க்குட்டிக்குத் தனிப் பெயர் வைக்கும் அளவுக்கு நம் முன்னோர் அதைக் கவனித்திருக்கிறார்கள். ஆனால் அந்தக் குருளை எப்போது தாயைப் பிரியலாம் என்று நாள் கணக்கு எழுதி வைக்கவில்லை.

அந்தக் கணக்கு எழுத்தில் இல்லாமல் பழக்கத்தில் இருந்தது. எங்கள் பக்கத்துப் பெரியவர்களைக் கேட்டால் படிப்படியாகச் சொல்வார்கள். முதலில் கண் திறக்கணும், அப்புறம் தள்ளாடாமல் நடக்கணும், அப்புறம் பல் முளைக்கணும், அப்புறம் தாயே பால் கொடுக்காமல் உறுமி விரட்டணும், அதற்குப் பிறகுதான் எடுக்கணும். காலண்டர் பார்க்காத கணக்கு இது. தாய் நாய் விரட்டும் நாள்தான் அதன் கடைசிப் படி. வேடிக்கை என்னவென்றால், இருபதாம் நூற்றாண்டு விஞ்ஞானம் இதே படிகளுக்கு எண் போட்டுத் தந்தது. கண் திறப்பது ஏறத்தாழ 10 முதல் 14 நாள். பால்பல் முளைக்கத் தொடங்குவது மூன்றாவது வாரம். பால்குடி மறக்கத் தொடங்குவது மூன்று, நான்காவது வாரம். முழுதாக மறப்பது ஏழு, எட்டாவது வாரம்.

கொடுத்த காலமும் விற்ற காலமும்

தென்தமிழ்நாடு நாட்டு நாய்களுக்குப் பேர்போன பகுதி. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை மூன்றும் ஊர்ப்பெயராலேயே அறியப்படுபவை. கன்னி நாயைப் பற்றிப் பலரும் சொல்லும் ஒரு வழக்கம் உண்டு. அதைப் பணத்துக்கு விற்க மாட்டார்கள். கல்யாணமாகிப் போகும் பெண்ணுக்குச் சீரோடு கொடுப்பார்கள், அல்லது நன்றாக வளர்ப்பேன் என்று வாக்குக் கொடுப்பவருக்குத் தருவார்கள்.

இந்த வழக்கத்தில் நாம் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது. குட்டி எப்போது வீட்டை விட்டுப் போகும் என்பதைக் கொடுப்பவர்தான் முடிவு செய்தார். தாய் நாய் அவர் வீட்டுத் திண்ணையிலேயே கிடந்தது. குட்டி எப்போது பால் மறந்தது என்பது அவர் கண்ணுக்குத் தெரியும். பணம் கைமாறாத இடத்தில் அவசரமும் இல்லை.

பிறகு காலம் மாறியது. தமிழ்நாடு கால்நடைத் துறை 1980-81-ல் சென்னை சைதாப்பேட்டையில் நாய் இனப்பெருக்கப் பிரிவு ஒன்றைத் தொடங்கியது. அழிந்துகொண்டிருந்த நாட்டு இனங்களைக் காப்பாற்றுவதுதான் நோக்கம். அங்கே பிறந்த குட்டிகள் பொதுமக்களுக்கு விற்கப்பட்டன. 2005-ல் அஞ்சல் துறை நான்கு இந்திய நாய்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது அதில் ராஜபாளையமும் இடம்பெற்றது. 2020 ஆகஸ்டில் பிரதமர் வானொலி உரையில் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை பெயர்களைச் சொன்னார். அதே ஆண்டு தேசிய விலங்கு மரபணு வள வாரியம் முதன்முறையாக நாய் இனங்களைப் பதிவு செய்தது. அந்த மூன்றில் இரண்டு நம்முடையவை: ராஜபாளையமும் சிப்பிப்பாறையும்.

பெருமைதான். ஆனால் பெருமையோடு கூடவே விலையும் வந்தது. குட்டி எப்போது போகும் என்பதை இப்போது வாங்குபவரின் ஆசையும் விற்பவரின் தீவனச் செலவும் சேர்ந்து முடிவு செய்கின்றன. நாலு வாரக் குட்டி பொம்மை மாதிரி இருக்கும், சீக்கிரம் விலைபோகும். எட்டு வாரம் வரை வைத்திருந்தால், கடைசி நான்கு வாரத்துக்கு எட்டுக் குட்டியின் சாப்பாட்டுச் செலவு விற்பவர் தலையில்.

அமெரிக்காவில் கேட்ட கேள்வி

இதே கேள்வியை அறிவியல் எப்படிக் கேட்டது என்று பார்ப்போம். அமெரிக்காவின் மெயின் மாநிலத்தில் பார் ஹார்பர் என்ற கடலோர ஊர். அங்கே ஜாக்சன் ஆய்வகத்தில் ஜான் பால் ஸ்காட்டும் ஜான் ஃபுல்லரும் 1940களில் தொடங்கி ஐந்து இன நாய்களை வைத்துப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். 1965-ல் அது பெரிய புத்தகமாக வந்தது. நாய்க்குட்டியின் வாழ்வில் மூன்றாவது வாரம் முதல் பன்னிரண்டாவது வாரம் வரை ஒரு ஜன்னல் திறந்திருக்கிறது, அந்தக் காலத்தில் யாரோடு பழகுகிறதோ அவர்களைத்தான் தன் கூட்டம் என்று ஏற்றுக்கொள்கிறது என்பது அவர்கள் கண்டது.

இதற்கு முக்கியமான சான்று 1961-ல் வெளியான ஒரு சோதனை. உயரமான வேலி அடைத்த வெளியில் மனித முகமே பார்க்காமல் குட்டிகளை வளர்த்தார்கள். சிலவற்றை இரண்டாவது வாரம், சிலவற்றை மூன்றாவது, ஐந்தாவது, ஏழாவது, ஒன்பதாவது வாரம் என்று வெளியே எடுத்து ஒரு வாரம் மட்டும் மனிதரோடு பழக விட்டார்கள். பதினான்கு வாரம் வரை யாரையும் பார்க்காமல் இருந்த குட்டிகள் கிட்டத்தட்ட காட்டு விலங்கு போலவே ஆகிவிட்டன. தொல்காப்பியம் நாய்க்கும் புலிக்கும் ஒரே பெயர் வைத்தது சும்மா இல்லை போலிருக்கிறது!

கலிபோர்னியாவில் பார்வையற்றோருக்கு வழிகாட்டும் நாய்களைப் பழக்கிய கிளாரன்ஸ் ஃபாஃபென்பர்கரும் ஸ்காட்டோடு சேர்ந்து 1959-ல் இதையே எழுதினார். கூண்டிலேயே அதிக நாள் விடப்பட்ட குட்டிகள் பயிற்சியில் தேறவில்லை.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். இவர்கள் சொன்னது "தாமதிக்காதே" என்பதுதான். "சீக்கிரம் எடு" என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் 'சின்னதா இருக்கும்போதே எடுத்தாத்தான் நம்மகிட்ட ஒட்டும்' என்று இன்று விற்பவர்கள் சொல்வதைக் கேட்டால், பாதிச் செய்தி மட்டும் கடல் தாண்டி வந்தது போல இருக்கிறது.

மீதிப் பாதி

மீதிப் பாதிக்கு விடை பிறகு வந்தது. தென்னாப்பிரிக்காவில் ஸ்லாபர்ட், ராசா இருவரும் 1993-ல் வெளியிட்ட ஆய்வில், ஆறு வாரத்தில் தாயிடமிருந்து பிரித்த குட்டிகளையும் பன்னிரண்டு வாரம் வரை தாயோடு இருந்த குட்டிகளையும் ஒப்பிட்டார்கள். ஆறு வாரத்தில் பிரிந்தவை சரியாகச் சாப்பிடவில்லை, எடை குறைந்தன, நோயும் சாவும் அவற்றில்தான் அதிகம். அதே இருவர் 1997-ல் இன்னொன்றும் காட்டினார்கள். போதைப்பொருளை மோப்பம் பிடிக்கும் தாய் வேலை செய்வதை ஆறு முதல் பன்னிரண்டு வாரம் வரை பார்த்து வளர்ந்த குட்டிகள், பின்னால் அதே வேலையில் மற்றவற்றைவிட நன்றாகத் தேறின. தாய்தான் முதல் வாத்தியார்.

2011-ல் இத்தாலிய ஆய்வாளர்கள் 140 நாய்களின் சொந்தக்காரர்களிடம் விவரம் கேட்டார்கள். பாதி நாய்கள் 30 முதல் 40 நாளுக்குள் பிரிக்கப்பட்டவை, பாதி இரண்டு மாதத்தில் பிரிக்கப்பட்டவை. சீக்கிரம் பிரிந்தவற்றில் பயம், ஓயாத குரைப்பு, பொருளைக் கடித்துக் குதறுவது, சாப்பாட்டுத் தட்டருகே உறுமுவது எல்லாம் கூடுதலாக இருந்தன. காரணம் புரிந்துகொள்ளக் கூடியதுதான். ஒரே ஈத்துக் குட்டிகள் விளையாடும்போது ஒன்று பலமாகக் கடித்தால் மற்றது கத்திக்கொண்டு விலகிவிடும். தாயும் அடக்கும். எவ்வளவு கடிக்கலாம் என்ற அளவை ஐந்தாவது வாரத்திலிருந்து எட்டாவது வாரத்துக்குள் அப்படித்தான் கற்றுக்கொள்கிறது. அந்தப் பாடத்தைத் தவறவிட்ட குட்டிதான் பின்னால் வீட்டுப் பிள்ளையைக் கடித்துவிட்டுத் தெருவில் விடப்படுகிறது.

இதற்குள் நோயின் வரலாறும் வருகிறது. 1978-ல் பார்வோ என்ற புது வைரஸ் உலகம் முழுக்க நாய்களைத் தாக்கியது. இந்தியாவில் அதைப் பற்றிய ஆரம்ப அறிக்கை 1982-ல் சென்னையிலிருந்துதான் வந்தது. ரத்தமாக வயிற்றால் போய் இரண்டு மூன்று நாளில் குட்டி செத்துவிடும். பிறந்த முதல் நாள் குடிக்கும் சீம்பாலில் கிடைக்கும் எதிர்ப்புச் சக்தி வாரங்கள் போகப் போகக் குறையும். முதல் தடுப்பூசி ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் போட்டு, பதினாறு வாரம் வரை சில வார இடைவெளியில் திரும்பப் போட வேண்டும். ஐந்து வாரக் குட்டியை வாங்குபவர், ஒரு ஊசிகூடப் போடாத குட்டியை, தாயைப் பிரிந்த ஏக்கத்தோடு, பஸ்ஸில் வைத்து ஊர் கொண்டு போகிறார்.

ராஜபாளையத்துக்குத் தனியாக ஒரு காரணமும் உண்டு. வெள்ளை நிறத்தோடு சேர்ந்து வரும் பிறவிச் செவிடு அந்த இனத்தில் இருக்கிறது. காது கேட்கிறதா என்று உறுதியாகச் சோதிக்க ஐந்து, ஆறு வாரமாவது ஆக வேண்டும். நாலு வாரத்தில் வாங்கினால் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவதுதான்.

சட்டம் வந்த வழி

இந்தக் கதையில் சட்டமும் சென்னை வழியாகத்தான் வருகிறது. நடனத்துக்காக நாம் அறிந்த ருக்மிணி தேவி அருண்டேல், 1952-ல் ராஜ்யசபா உறுப்பினராகி, விலங்கு வதைத் தடுப்புக்காகத் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அரசே சட்டம் கொண்டுவரும் என்று நேரு உறுதி கொடுத்ததும் அதைத் திரும்பப் பெற்றார். 1960-ல் சட்டம் வந்தது. 1962-ல் அமைந்த விலங்கு நல வாரியத்துக்கு அவரே முதல் தலைவர். பல பத்தாண்டுகள் அந்த வாரியம் சென்னையில்தான் இயங்கியது.

ஆனால் குட்டியின் வயதைப் பற்றி எந்த வரியும் அதில் இல்லை. இங்கிலாந்து 1999-ல் எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியைப் பொதுமக்களுக்கு விற்கத் தடை போட்டது. இந்தியாவில் 2017 மே மாதம், அந்த 1960 சட்டத்தின் கீழ், நாய் இனப்பெருக்கம் மற்றும் விற்பனை விதிகள் வந்தன. எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது, பதிவு செய்யாமல் நாய் இனப்பெருக்கத் தொழில் செய்யக் கூடாது என்பவை அதில் முக்கியமானவை. இதற்கு ஓராண்டு முன்பு, 2016-ல், நாய்கள் வைக்கப்பட்டிருந்த நிலை சரியில்லை என்ற புகாரில் சைதாப்பேட்டைப் பிரிவையே மூடும்படி ஆகியிருந்தது. இனத்தைக் காப்பாற்ற வந்த இடத்திலும் தாயையும் குட்டியையும் யாராவது கண்காணிக்க வேண்டியிருந்தது என்பதுதான் இதில் வருத்தமான விஷயம்.

அப்பத்தா கணக்கு

ஆக, 56 நாள். தொல்காப்பியத்திலிருந்து அரசாணை வரை வந்து நிற்கும் எண் இதுதான். என்னைக் கேட்டால் இது கடைசி எல்லை அல்ல, குறைந்தபட்ச எல்லை. எட்டு வாரத்துக்கு முன் எடுத்தால் தாயின் பாடம் போச்சு. பன்னிரண்டு வாரம் வரை யாரும் தொடாமல் கூண்டிலேயே கிடந்தால் மனிதரின் பாடம் போச்சு. நடுவில் இருக்கும் அந்த ஒரு மாதம்தான் குட்டி வீட்டுக்கு வர வேண்டிய காலம். அதுவரை தாயோடு இருக்கும்போதே வாரம் ஒருமுறை போய்த் தூக்கிக் கொஞ்சிவிட்டு வந்தால் யாரும் தடுக்கப் போவதில்லை.

தெருநாய்க் குட்டிக்கு இந்த விதி எதுவும் பொருந்தாது, ஏனென்றால் அதை யாரும் விற்பதில்லை. தாய் வண்டியில் அடிபட்டுச் செத்துவிட்டால் எத்தனை நாள் குட்டியானாலும் தூக்கித்தான் ஆக வேண்டும். ஆனால் தாய் உயிரோடு இருக்கும்போது தூக்குவது வேறு. நான் செய்தது அதைத்தான்.

போன விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தபோது, பக்கத்து வீட்டுப் பையன் வாசலில் வந்து நின்றான். கரையில் ஏற்றி வைத்த வள்ளத்துக்கு அடியில் ஒரு நாய் குட்டி போட்டிருக்கிறதாம். "அண்ணே, கண்ணு தொறந்திருச்சு. நாளைக்கு எடுக்கலாமாண்ணே?" என்றான்.

அவன் வீட்டுக் காலண்டரில் ஒரு தேதியை வட்டம் போட்டுக் கொடுத்தேன். அதுவரை தினமும் தாய்க்கு மீன் தலையும் சோறும் கொண்டு போய் வை, குட்டிகளைத் தொட்டுப் பழகு, ஆனால் தூக்கி வராதே என்று சொன்னேன். முகம் சுருங்கிவிட்டது அவனுக்கு. அப்பத்தா திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டே எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"பால்குடி மறக்கணும்னு ஒரு வார்த்தை சொல்றத விட்டுட்டு, இதுக்கு காலண்டர் வேறயாக்கும்" என்றார்.