ஏட்டிலிருந்து இணையம்வரை: திறந்த கல்வி வளங்களும் சிந்தித்துக் கற்றலும்

கல்வி வளங்கள் யாவர்க்கும் பொதுவாதல் வேண்டும் என்னும் கருத்து இணையத்தோடு பிறந்ததெனக் கருதுவோர் பலர். ஈழத்துப் பதிப்பு வரலாற்றை நோக்குவார்க்கு, அதன் வேர்கள் மிக முந்தியவை என்பது புலனாகும்.

யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை (1832-1901), ஏட்டுச்சுவடிகள் செல்லரித்து அழிவது கண்டு வருந்தி வீரசோழியம் (1881), தொல்காப்பியப் பொருளதிகாரம் (1885), கலித்தொகை (1887) முதலியவற்றை அச்சேற்றினார். ஒரு சிலரிடம் அடங்கிக் கிடந்த நூல்கள் கற்போர் பலர்க்கும் எட்டின. எனினும், அவர் பணி வெறும் படியெடுத்தலன்று. பிரதிகள் பலவற்றைத் தேடி ஒப்புநோக்கி, பாடங்கள் வேறுபட்டவிடத்து எது பொருந்துமென ஆராய்ந்தே அவர் பதிப்பித்தார்.

அச்சு நூல்களும் அழிவுக்கு அப்பாற்பட்டனவல்ல. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பராயின. பெறலரிய சுவடிகளும் அவற்றோடு அழிந்தன. ஓரிடத்தில் மட்டும் காக்கப்படும் அறிவு ஓரிரவில் அழியலாம் என்பதே அத்தீ புகட்டிய பாடம். 1998இல் தோன்றிய மதுரைத் திட்டம் தமிழிலக்கியங்களை மின்வடிவில் இலவசமாக வழங்கலாயிற்று. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் பத்திரிகைகளையும் எண்ணிமமாக்கி உலகெங்கும் எட்டச் செய்தது.

இதே காலப்பகுதியில் மேலைநாட்டிலும் இவ்வெண்ணம் உருப்பெற்றது. அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவனம் தன் பாடநெறிகளை இணையத்தில் இலவசமாக வெளியிடும் முடிவை 2001இல் அறிவித்தது. 'திறந்த கல்வி வளங்கள்' என்னும் பெயர் 2002இல் யுனெஸ்கோ கூட்டிய கருத்தரங்கில் வழங்கப்பெற்றது. அவ்வளங்களைப் படிப்பதற்கு மட்டுமன்றி, திருத்தவும் தம் சூழலுக்கேற்ப மாற்றவும் பகிரவும் உரிமையுண்டு. ஆயின், எதை ஏன் மாற்றுவதென எண்ணிப் பாராதவனுக்கு அவ்வுரிமையாற் பயன் யாது?

சிந்தனை ஐயத்திலும் தடுமாற்றத்திலும் தொடங்குகின்றது என்றும், ஒரு நம்பிக்கைக்குரிய ஆதாரங்களைக் கவனமாக ஆராய்வதே அதன் இயல்பு என்றும் 1910இல் ஜோன் டூயி விளக்கினார். பாடவேறுபாட்டின் முன் தயங்கிநின்ற தாமோதரம்பிள்ளை, அவ்விளக்கம் எழுதப்படுமுன்னரே அவ்வழி நடந்தவர் எனலாம்.

மாணவராகிய நாமோ, கையெட்டும் தூரத்திலுள்ள மின்னூலொன்றின் பந்திகளைப் பெயர்த்து எழுதி, ஒப்படையை நிறைவுசெய்து அமைகின்றோம். அங்கே வளம் திறந்திருக்கிறது; கற்றலோ நிகழவில்லை. எரிந்த நூல்களுக்காக ஆண்டுதோறும் துயருறும் நாம், எரியாது எஞ்சியவற்றை ஐயத்தோடும் ஆர்வத்தோடும் பயிலுகின்றோமா என்பதே இன்று நம்மை நாமே வினவவேண்டிய வினாவாகும்.